மலை அணில்: பாபநாசம், முண்டந்துறை பக்கம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் குடியிருந்தால் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இருக்காது. பாபநாசத்தில் குளிக்க வைக்க வேண்டும், ஊருக்குத் திரும்பும்போது அல்வா வாங்கிக் கொடுக்க வேண்டும், நடுவில் காரையார் ரோட்டில் வண்டியை நிறுத்தி மரத்து உச்சியில் மலை அணிலைக் காட்டவும் வேண்டும். காட்டியதும் கேள்விகள் ஆரம்பிக்கும். பத்துப் பேர் வந்தாலும் அதே கேள்விகள்தான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி, இது நம்ம வீட்டு அணில்பிள்ளைதானே? காட்டில் நன்றாகத் தின்று பெருத்துவிட்டதா?

இல்லை. குடும்பம் ஒன்று, இனம் வேறு. முருங்கை மரத்திலும் ஓட்டுக் கூரையிலும் ஓடுகிற மூன்று கோட்டு அணில், வாலை விட்டுவிட்டு அளந்தால் ஒரு சாண்கூடத் தேறாது. எடை நூறு கிராம் அளவில் இருக்கும். மலை அணிலின் உடம்பு மட்டுமே ஒரு அடிக்கு மேல். வால் அதைவிட நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் மூன்று அடி வரும். எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ. முதுகில் கோடு கிடையாது. ராமர் தடவிக்கொடுத்த கதையில் இதற்குப் பங்கில்லை.

நம் மலையில் இருப்பதற்கு முதுகு அரக்குச் சிவப்பு. தோளும் பின்பக்கமும் வாலும் கறுப்பு. வயிறும் முன்கால்களின் உட்புறமும் சந்தன நிறம். காலை வெயில் நேராக முதுகில் விழும்போதுதான் அந்தச் சிவப்பு தெரியும். நிழலில் பார்த்தவர்கள் "கறுப்பு அணில் பார்த்தேன்" என்றுதான் சொல்வார்கள். இதே இனம் மகாராஷ்டிரத்தில் கொஞ்சம் வெளிறிய நிறத்தில் இருக்கிறது. அங்கே அதை ஷேக்ரு என்கிறார்கள், அந்த மாநிலத்தின் விலங்கே அதுதான். அறிவியல் பெயர் ரட்டூஃபா இண்டிகா, வைத்த ஆண்டு 1777. இந்தியாவைத் தவிர வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இந்த இனம் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அணிலுக்கென்றே சரணாலயம் இருக்கிறதே, அந்த அணிலா இது?

அது நரை அணில். சாம்பல் நிற அணில் என்றும் சொல்வார்கள். மலை அணிலுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் தனி இனம். உருவத்தில் கொஞ்சம் சிறியது. பழுப்புச் சாம்பல் நிற உடம்பில் மயிர் நுனிகள் மட்டும் வெளுத்து, நரைத்ததுபோல் தெரியும். பெரும்பாலும் ஆற்றோர மரங்களில் வாழும். இலங்கையிலும் உண்டு. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது 1988-ல். 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது.

பாபநாசம், மாஞ்சோலை பக்கம் நீங்கள் பார்ப்பது மலை அணில். சந்தேகம் வந்தால் வாலைப் பாருங்கள். நரை அணிலின் வாலில் வெள்ளை இழைகள் கலந்திருக்கும். நம்முடையது கரி பூசிய கறுப்பு.

எங்கே போனால் பார்க்கலாம்?

களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் முழுக்கவே அதன் வீடுதான். 1962-ல் முண்டந்துறைச் சரணாலயம் வந்தது, 1976-ல் களக்காடு வந்தது, 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக்கினார்கள். அப்போதைய பரப்பு சுமார் 817 சதுர கிலோமீட்டர். புலியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமலே திரும்புவார்கள். மலை அணில் அப்படி ஏமாற்றாது, மேலே பார்க்கிற பொறுமை மட்டும் வேண்டும்.

எளிதான வழி பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி மேலே போகிற ரோடு. ஏற்றம் முடிந்து முண்டந்துறை வந்ததும் நிலம் சமமாகும். அங்கிருந்து ஒரு பாதை சேர்வலாறு அணைக்கும் இன்னொன்று காரையாறு அணைக்கும் பிரியும். காரையார் பாதையில் சொரிமுத்து அய்யனார் கோயிலை ஒட்டி ஆறு ஓடுகிற இடத்தில் மருதும் நாவலும் ஓங்கி வளர்ந்து கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று போய்க் கிடக்கும். அந்த மாதிரி இடம்தான் மலை அணிலுக்குத் தோது. வெட்டவெளியில் தனியாக நிற்கிற மரத்தில் தேடுவது நேர விரயம்.

அடுத்தது மணிமுத்தாறு அருவியிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறுகிற மலைப்பாதை. காக்காச்சி பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற மழைக்காடு. என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த இடம். ஆனால் இங்கே நினைத்தபோது போய்விட முடியாது. அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அம்பையில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தெற்கே களக்காடு தலையணை, செங்கல்தேரி, திருக்குறுங்குடி மலை நம்பி கோயில் வழி எல்லாவற்றிலும் உண்டு. செங்கல்தேரிக்கும் அனுமதி வேண்டும்.

குற்றாலத்தில்?

மேலே காட்டில் உண்டு. அருவிக்கரையில் கூட்டத்துக்கு நடுவே நின்று தேடினால் குரங்குதான் கிடைக்கும்.

எந்த நேரம், எந்த மாதம்?

காலையில் வெயில் ஏறும் முன்னும், சாயங்காலம் மூன்றரை மணிக்கு மேலும். மலை அணில் பகல் விலங்கு. உச்சி வெயிலில் கிளைமேல் வயிறு படியப் படுத்து நாலு காலையும் தொங்கவிட்டுத் தூங்கும். அந்த நேரத்தில் அதைக் கண்டுபிடிப்பது சிரமம். இருட்டும் முன்பே கூட்டுக்குள் போய்விடும்.

மாதம் என்றால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தை, மாசி, பங்குனி. இலை கொஞ்சம் குறையும். மலைமேல் வெடிப்பலா பூக்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் சாரல் சுகம்தான், ஆனால் மேகம் மரத்தில் இறங்கி நிற்கும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

மரம் முழுக்க இலை. எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதலில் காது. எதையாவது கண்டு பயந்தால் கடகடவென்று உரத்த குரலில் கத்தும். பழைய தையல் மெஷினை வேகமாக மிதித்தால் வருகிற சத்தம். இவ்வளவு பெரிய சத்தம் அணிலிடமிருந்து வருகிறது என்பதையே புதியவர்கள் நம்ப மாட்டார்கள், ஏதோ பறவை என்பார்கள்.

அப்புறம் தரை. மரத்தடியில் பச்சையாகக் கடித்துப் போட்ட பழத்தோல், கொட்டை ஓடு, துண்டான கிளை நுனிகள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஓட்டின் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளம், உளியால் சீவியதுபோல் இருந்தால் அது அணிலின் முன்பல் வேலை. குரங்கு கடித்தது இப்படி ஒழுங்காக இருக்காது, பிய்த்துப் போட்டிருக்கும். கடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தால் ஆள் மேலேயே இருக்கிறார், பேசாமல் நில்லுங்கள்.

மூன்றாவது வால். உடம்பு இலைக்குள் மறைந்துவிடும், வால் மறையாது. கிளைக்குக் கீழே கறுப்பாக ஒன்று நேராகத் தொங்கி, காற்று இல்லாதபோதும் லேசாக ஆடினால் அதுதான்.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சாப்பிடுமாமே?

ஆமாம், பார்க்க வேண்டிய காட்சி அது. பழம் எப்போதும் கிளையின் மெலிந்த நுனியில்தான் இருக்கும். இரண்டு கிலோ உடம்பை அந்த நுனி தாங்காது. அதனால் கொஞ்சம் தடித்த இடமாகப் பார்த்துப் பின்கால் இரண்டையும் ஊன்றும். நகங்கள் பட்டைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு உடம்பை அப்படியே கிளையின் ஒரு பக்கமாகக் கீழே சரியவிடும். வால் மறுபக்கம் தொங்கும். ஒரு பக்கம் உடம்பு, ஒரு பக்கம் வால், நடுவில் கிளை. எடை சரிக்குச் சரி நிற்கும். இப்போது முன்கை இரண்டும் சும்மா இருக்கின்றன. நுனியை இழுத்துப் பழத்தைப் பறித்து, உள்ளங்கையின் சதைத் திட்டில் அழுத்திப் பிடித்து உருட்டி உருட்டிக் கடிக்கும். கட்டைவிரல் பேருக்குத்தான் இருக்கிறது, பிடிப்பது அந்தச் சதைத் திட்டுதான். தோல் சுருள் சுருளாகக் கீழே விழும். தின்று முடித்ததும் ஒரே எம்பில் கிளைமேல் வந்து, முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு அடுத்த நுனிக்குப் போகும்.

முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடிக்கக் கடிக்கத் தேய்ந்தால்தான் அளவாக இருக்கும். எனவே கொட்டை கடிப்பது அதற்குச் சாப்பாடு மட்டும் இல்லை, பல் பராமரிப்பும்கூட.

என்னதான் தின்னும்?

பழம், கொட்டை, பூ, கொழுந்து, மரப்பட்டை. சில நேரம் பூச்சியும் பறவை முட்டையும். கீழ்க்காட்டில் நாவல், அத்தி, ஆல், புளி. மேலே ஏற ஏற அயினி, காட்டுப்பலா, நாங்கு.

மழைக்காட்டில் அதற்கு முக்கியமான மரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் வெடிப்பலாவைச் சொல்வேன். காக்காச்சி, கோதையாறு பக்கத்துக் காட்டில் இந்த மரம் நிறைய. பலாவும் இல்லை, பலாவுக்குச் சொந்தமும் இல்லை, முள்ளு முள்ளான காயைப் பார்த்து வைத்த பெயர். இதன் பூ இலைக்கு நடுவே வராது. முதிர்ந்த கிளையின் தண்டிலேயே கொத்துக் கொத்தாக, மங்கிய மஞ்சள் பழுப்பு நிறத்தில் வரும். இதழ் கிடையாது, சதைப்பற்றான புல்லிதான் இருக்கும். தேனும் பெரிதாக இல்லை. அந்தச் சதையைத் தின்னத்தான் கூட்டம்: கருமந்தி, சிங்கவால் குரங்கு, மலை அணில், இரவில் வௌவாலும் மரநாயும். இது பூக்கிற மாதங்களில் காட்டில் வேறு பழம் குறைவு. அதனால் எல்லாரும் இங்கேதான் பந்திக்கு வருவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூவைத் தின்கிறவன் மரத்துக்கு எதிரி என்றுதானே நினைப்போம்? காக்காச்சியில் ஏட்ரீ என்கிற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மரத்தின் உச்சிவரை ஏறிக் கவனித்தபோது தெரிந்த விஷயம், தின்ன வருகிற இந்தப் பாலூட்டிகள்தான் முகத்தில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு மரம் மரமாகப் போய் மகரந்தச் சேர்க்கையும் செய்கின்றன என்பது. ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கில் பூ. பாதி போனாலும் மரத்துக்கு நஷ்டம் இல்லை.

காய் விஷயத்தில் மலை அணில் அப்படி நல்லபிள்ளை இல்லை. முள்ளைக் கடித்துத் துப்பி, ஓட்டில் ஓட்டை போட்டு, விதையையே தின்றுவிடும். காட்டில் மற்ற பல மரங்களின் விதை பரப்புகிற வேலையை இருவாட்சி மாதிரிப் பறவைகள் பார்க்கின்றன. மலை அணில் பெரும்பாலும் விதையைத் தின்கிற கட்சி. அதன் கை தவறி விழுகிற பழத்தைக் கீழே மான் பொறுக்கும், அதுவரை லாபம்.

மரத்தில் காய்ந்த சருகு மூட்டை மாதிரி இருக்கிறதே, அதுதான் கூடா?

பெரும்பாலும் அதேதான். கழுகுக் கூடு தட்டையாக, குச்சி மேடையாக இருக்கும். இது உருண்டை. இலையோடு கூடிய பச்சைக் கொம்புகளைப் பல்லால் நறுக்கி, வாயில் கவ்விக்கொண்டு வந்து, மெல்லிய கிளைகள் பிரிகிற கவட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும். உள்ளே மெத்தைக்கு மெல்லிய இலையும் நார் நாராகக் கிழித்த பட்டையும். கட்டின புதிதில் பச்சையாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. சில நாளில் காய்ந்து பழுப்பானதும் பளிச்சென்று தெரியும்.

ஒரு அணிலுக்கு ஒரு கூடு என்று நினைக்காதீர்கள். தன் எல்லைக்குள் பல கூடுகள் வைத்திருக்கும். இன்று இங்கே, நாளை அங்கே. எனவே நாலு கூடு தெரிகிறது, நாலு அணில் இருக்கிறது என்று கணக்குப் போட முடியாது.

கவனிக்க வேண்டியது கூடு இருக்கும் இடம். உயரமான மரத்தில், தண்டிலிருந்து தள்ளி, கனமான மிருகம் கால் வைத்தால் முறிந்துவிடுகிற மெல்லிய கிளையில் கட்டும். சிறுத்தை மரம் ஏறும், அந்தக் கிளைக்கு வராது. அத்தோடு, பக்கத்து மரத்தின் கிளை வந்து தொடுகிற இடமாகப் பார்க்கும். ஒரு பக்கம் ஆபத்து வந்தால் இன்னொரு பக்கம் ஓட வழி வேண்டுமே. கூடு இருக்கிற மரத்தைச் சுற்றி எத்தனை மரம் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள், இந்தக் காட்டைப் பற்றிப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

குட்டி எத்தனை போடும்?

ஒன்று அல்லது இரண்டு, அபூர்வமாக மூன்று. சினைக்காலம் ஏறத்தாழ ஒரு மாதம். மற்ற நாட்களில் தனி ஆள்தான். ஜோடியாகப் பார்த்தால் இனப்பெருக்கக் காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தரைக்கு இறங்கவே இறங்காதா?

இறங்காது என்று இல்லை, இறங்க அதற்கு மனசு இல்லை. மரத்தில் அது ராஜா. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு இருபது அடி வரை தாவும். பின்கால் மூட்டைத் திருப்பி நகத்தை மாட்டிக்கொண்டு தண்டில் தலைகீழாக இறங்கும். அதே அணில் தரையில் தத்தித் தத்தித்தான் ஓடும். அந்த நீண்ட வால் அங்கே சுமை. நாயோ சிறுத்தையோ வந்தால் தப்பிக்க வழி இல்லை.

இந்த இருபது அடிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு காட்டு ரோட்டைப் பாருங்கள். குறுகலான ரோட்டுக்கு இரண்டு பக்கத்து மரமும் மேலே கைகோத்து நிற்கும், அணில் நம் தலைக்கு மேலேயே கடந்து போகும். அதே ரோட்டை அகலப்படுத்தி இரண்டு பக்கமும் மரத்தைக் கழித்துவிட்டால் நமக்கு அது வெறும் ரோடு, அதற்கு அது மதில். இந்தப் பக்கத்து அணில் இந்தப் பக்கமே, அந்தப் பக்கத்து அணில் அந்தப் பக்கமே. பழம் தீர்ந்தாலும், ஜோடி கிடைக்காவிட்டாலும் கடக்க முடியாது. கடக்கத் துணிந்தது வண்டியில் அடிபடும்.

மின்கம்பிப் பாதையும் அப்படித்தான். பாபநாசத்தில் 1944-லிருந்து நீர்மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு சேர்வலாறு, கோதையாறு என்று வந்தன. கம்பி போகிற வழியெல்லாம் மரத்தைக் கழித்துத்தான் ஆக வேண்டும், மின்சாரம் நமக்கும் வேண்டும். ஆனால் எங்கே கழிக்கிறோம், எவ்வளவு கழிக்கிறோம் என்பதில் கொஞ்சம் யோசனை இருக்கலாம். பத்து மரத்தின் தலையை வெட்டினாலும், தொடுகிற ஒரு ஜோடியை விட்டுவைத்தால் அணிலுக்குப் பாலம் கிடைத்துவிடும். வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காகப் பழைய தீயணைப்புக் குழாய்த் துணியை ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் விட்டிருக்கிறார்கள், குரங்குகள் அதில் நடந்து போகின்றன. கட்டிய பாலத்தைவிட இருக்கிற கிளை மலிவு என்பது என் கட்சி.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடினால் அணில் திரும்ப வந்துவிடுமா?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,374 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 2028-ல் அது முடிகிறது. 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பும் வேலை தொடங்கியது.

அணில் பக்கத்திலிருந்து பார்த்தால், இடுப்பளவு தேயிலை விரிந்து கிடக்கிற சரிவு அதற்குப் பாலைவனம். நடுவில் ஓடைக்கரையில் விட்டுவைத்த சோலைத் துண்டுகளில்தான் நடமாட்டம். தேயிலையைக் கவாத்து வெட்டாமல் விட்டால் அதுவே மரமாக வளர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் தேயிலை மரக் காட்டில் அணிலுக்கு என்ன இருக்கிறது? வெடிப்பலாவும் நாங்கும் வந்து, வளர்ந்து, கிளை தொட வேண்டும். சும்மா பூட்டிவிட்டு வந்தால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஓடைக்கரைத் துண்டுகளை இணைக்கிற மாதிரி நாட்டு மரங்களை நட்டால் சீக்கிரம் நடக்கும்.

அங்கே நாலைந்து தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் எங்கே போவது என்பது வேறு கேள்வி, பெரிய கேள்வி. அதில் இரண்டு தரப்பும் மலை அணிலைச் சாட்சிக்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பறக்கும் அணில் என்கிறார்களே, இதுவா?

அது வேறு. இரவு விலங்கு. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தோல் விரிந்து, மேலிருந்து கீழாகச் சறுக்கி வரும். பறக்காது. பெரிய பறக்கும் அணில் நம் மலையிலும் உண்டு. திருவிதாங்கூர் பறக்கும் அணில் என்று சிறிய இனம் ஒன்று உண்டு. நூறு வருடம் போல யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1989-ல் கேரளத்தில் மறுபடி தென்பட்டது. இரவில் காட்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் இவற்றைப் பார்க்கிற வாய்ப்பு நமக்குக் குறைவு.

மலை அணிலுக்கு எதிரி யார்?

மேலே கழுகு, கீழே சிறுத்தை. கழுகின் நிழல் பட்டால் கத்துவதை நிறுத்திவிட்டுக் கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கருங்கழுகு கூடு கூடாகத் தேடுகிற ஆள், குட்டிகளுக்கு ஆபத்து அதனிடம்தான். கவட்டை வைத்திருக்கிற மனிதனையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் மலையடிவாரத்தில். பலாவைக் கடித்து நாசம் பண்ணுகிறது. மரத்தைச் சுற்றித் தகரம் அடிக்கலாமா?

தென்னையில் எலிக்கு அடிக்கிற தகரத்தை நினைத்துக் கேட்கிறீர்கள். எலி கீழிருந்து ஏறுகிறது, அதற்குச் சரி. மலை அணில் கீழே இருந்து வரவே வராது. பக்கத்து மரத்திலிருந்து தாவித்தான் வரும். எனவே தகரம் தண்டச்செலவு. பலா மரம் தோட்டத்துக்குள் தனியாக நின்றால் அணில் தொல்லை அநேகமாக இருக்காது. காட்டோரம் கிளை தொட்டு நின்றால் இருக்கும்.

நல்ல காய்களைச் சாக்குப் போட்டு மூடுங்கள், மணம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே இறக்கிவிடுங்கள். உச்சியில் எட்டாத இரண்டு காயை அதற்கே விட்டுவிடுவது நம் ஊர்ப் பெரியவர்கள் செய்ததுதான். விஷம் வைப்பது, கண்ணி வைப்பது எல்லாம் 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குப் போகிற வேலை.

குட்டி கிடைத்தால் வளர்க்கலாமா?

கூடாது. சட்டமும் விடாது.

கீழே விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

முதலில் தள்ளி நின்று பாருங்கள். தாய் பக்கத்தில் இருந்தால் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். நாம் சுற்றி நின்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்தால் வராது. நெடுநேரமாகியும் வரவில்லை, நாயோ காக்கையோ நெருங்குகிறது என்றால் மட்டும் துணியால் எடுத்து, காற்றுப் போகிற அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கோ செக்போஸ்டுக்கோ சொல்லுங்கள். பசும்பால் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துப்போகும்.

பிஸ்கட், முறுக்கு ஏதாவது போட்டால் கீழே வருமா?

வராது, வரவைக்கவும் வேண்டாம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் எவ்வளவு கூட்டம் என்று போனவர்களுக்குத் தெரியும். குடும்பத்தோடு போய் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் உண்டு. நானும் போகிறவன்தான். அதன்பிறகு ரோட்டோரக் குரங்குகள் கைப்பையைப் பார்த்தாலே பாய்வதையும் பார்க்கிறேன். குரங்கு கெட்டது போதும். சாமிக்குப் படைத்ததை மனிதர்கள் சாப்பிடலாம், எச்சிலையையும் பாலித்தீனையும் கையோடு கீழே கொண்டுவந்துவிடலாம்.

இது அழிந்துவருகிற இனமா?

உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் மலை அணில் "கவலை குறைந்த" இனம்தான், ஆனால் எண்ணிக்கை இறங்குமுகம் என்று குறித்திருக்கிறார்கள். நரை அணில் நிலை அதைவிட மோசம், "அச்சுறுத்தலை நெருங்கிய" இனம். நம் காப்பகத்துக்குள் மலை அணிலுக்கு உடனடி ஆபத்து ஒன்றும் இல்லை. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-லிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. காப்பகத்துக்கு வெளியே, மலையடிவாரத் தோப்புகளிலும் எஸ்டேட் துண்டுகளிலும் இருக்கிற அணில்களுக்குத்தான் நாளுக்கு நாள் வழி அடைபடுகிறது.

போட்டோ எடுக்க வேண்டும், ஏதாவது யோசனை?

கீழிருந்து மேலே எடுத்தால் வானத்தின் வெளிச்சத்தில் அணில் கரிக்கட்டையாக விழும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில், கீழ்ச்சரிவில் இருக்கிற மரத்தின் உச்சி நம் கண் மட்டத்துக்கு வரும் இடங்கள் உண்டு. அங்கே நின்றால் அரக்குச் சிவப்பும் சந்தன வயிறும் அப்படியே கிடைக்கும். வண்டியை வளைவிலேயே நிறுத்தாதீர்கள், பஸ் வரும். கல்லெறிந்து அசைய வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அவர்களோடு போகாதீர்கள். செல்போனில் எடுத்தால் ஒரு கறுப்புப் புள்ளிதான் வரும். காசு செலவழிக்க மனமிருந்தால் கேமராவுக்கு முன் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.